கிணத்தடியைப் பற்றிக் கேட்ட பிள்ளை எங்க?

அன்பான ஊரவைக்கு,

போன மாசியில ஒரு பிள்ளை எங்கட குழுவில சேர்ந்தவ, எத்தினை பேருக்கு ஞாபகம்? ஒஸ்லோவில பிறந்து வளர்ந்தவ. தமிழை ஆங்கில எழுத்தில தட்டி, "அம்மம்மா வீட்டுக் கிணறு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருந்ததாம், இப்பவும் இருக்கா?" எண்டு கேட்டா. வந்த மறுமொழி மூண்டு. ஒருத்தர் "தமிழில எழுதினால் நல்லம்" எண்டார். மற்றவர் சந்தாப் படிவத்தை அனுப்பிவிட்டார். மூண்டாவது ஆள் நான்தான்: "யாற்றை பிள்ளை? எந்தப் பக்கம்?" கிணத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பிறகு அவவும் எழுதேல்லை.

"யாற்றை பிள்ளை" எண்டு அன்பிலதான் கேக்கிறம். ஆனால் எங்கட ஊரில அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிச்சிருக்கிறது எல்லாருக்கும் தெரியும். நான் அதை நினைச்சுக் கேக்கேல்லை. அவவின்ர அம்மா பக்கத்தில இருந்து வாசிச்சிருந்தால் எப்பிடி எடுத்திருப்பா?

நான் தமிழ் விக்கிப்பீடியாவில இடைக்கிட எழுதிறனான். 2003இல தொடங்கின இடம். புது ஆள் வந்தால் பேச்சுப் பக்கத்தில ஒரு வரவேற்பு விழும். எழுதிப் பழக மணல்தொட்டி, கூடிக் கதைக்க ஆலமரத்தடி. பேரைக் கேக்கவே வைரவர் கோயிலடியில குந்தியிருக்கிற மாதிரி. எண்டாலும் அந்த வரவேற்பு எல்லாருக்கும் ஒரே அச்சுத்தான். என்னைப் பிடிச்சு வச்சது வேற. முதல் கட்டுரையில என்ர எழுத்துப் பிழையளை ஆரோ சத்தமில்லாமல் திருத்திவிட்டு, "பனையைப் பற்றியும் எழுதுங்கோவன்" எண்டு ஒரு வரி போட்டிருந்தார்.

ஆங்கில விக்கிப்பீடியாவில கதை மறுவளம். எழுதிறவையின்ர தொகை 2007இல உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கினது. 2013இல வந்த ஓர் ஆய்வு சொன்ன காரணம்: நல்ல மனசோட வந்த புது ஆக்கள் எழுதினதையும், விசமியளைப் பிடிக்கச் செய்த கருவியளால உடனுக்குடன் நீக்கினது. 2012இலயே அங்க தேநீர்க்கடை மாதிரி ஒரு பக்கம் திறந்து, புதியவையின்ர கேள்விக்கு ஆக்களே மறுமொழி சொல்லத் தொடங்கியிருந்தவை.

எங்களிட்டை விசமியளும் இல்லை, கருவியளும் இல்லை. நாங்களே போதும்! ஒன்றுகூடல் படங்களைப் பாருங்கோ, கறுத்த தலை எத்தினை?

ஒண்டு கேக்கிறன். புதுசா வாற ஆளிட்டை ஆறு மாதத்துக்குச் சந்தாக் கதை எடுக்கவேண்டாம். பொருளாளர் கோவிக்கக் கூடாது. எந்த எழுத்தில கேட்டாலும், கேட்டதுக்கு முதல்ல மறுமொழி சொல்லுவம்.

பிள்ளை, இன்னும் வாசிக்கிறீரெண்டால்: போன கிழமை ஊருக்குப் போன மச்சானைப் போய்ப் பாக்கச் சொன்னன். கிணறு இருக்கு. கட்டு ஒரு பக்கம் இடிஞ்சு போச்சு, துலா இல்லை, ஆடுகால் மட்டும் நிக்குது. வடக்குப் பக்கத்தில ஏதோ ஒரு அத்திவாரம் தெரியுதாம், என்னெண்டு எங்களுக்குப் பிடிபடேல்லை. அம்மம்மாவிட்டைக் கேட்டுச் சொல்லும்.