பழைய சேத்தக் இன்ஜினை வீட்டிலேயே முழுதாகப் பிரிக்கலாமா?

கேள்வி — பழையவண்டி_கோவை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஓட்டிய எழுபதுகளின் பஜாஜ் சேத்தக் பல ஆண்டுகள் நின்றிருந்தது; இப்போது கிக்கரை உதைத்தால் இன்ஜின் எடுக்கிறது. ஆனால் நன்கு சூடேறிய பிறகும் வெண்புகை அடங்குவதில்லை, கியர் ஆயிலின் அளவு குறைந்துகொண்டே வருகிறது, அதில் பெட்ரோல் வாசனையும் வீசுகிறது. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி, புது பிஸ்டன் போட்டால் போதும் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். நண்பர்கள் இருவரும் நானும் வீட்டு முற்றத்திலேயே இன்ஜினை இறக்கி வேலை செய்ய விரும்புகிறோம். சிலிண்டரை மட்டும் கழற்றினால் போதுமா, கிராங்க் கேஸையும் (பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டை மூடியிருக்கும் இன்ஜின் கூடு) இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்குமா?

மறுமொழி 1 — இருவீச்சு

நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் கிளட்ச் பக்க ஆயில் சீலையே, அதாவது கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையத்தையே, காட்டுகின்றன. அது தேய்ந்தால் பிஸ்டன் மேலேறும்போது உண்டாகும் உறிஞ்சலில் கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் வந்து எரியும். பிஸ்டன் இறங்கும்போது பெட்ரோல் கலவை எதிர்த்திசையில் கியர் பெட்டிக்குள் தள்ளப்படும். ரீபோர் செய்வதால் இது தீராது. மாக்னெட் (கிராங்க் தண்டின் மறுமுனையில் சுழலும் காந்தச் சக்கரம்) பக்க சீல் போயிருந்தால் புகை வராது, காற்றுதான் நுழையும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இரைவதும், கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் அதன் விளைவுகள். அந்த சீலை மாக்னெட்டையும் அதன் பின்னுள்ள காயில் தட்டையும் எடுத்துவிட்டு வெளியிலிருந்தே மாற்றலாம். கிளட்ச் பக்க சீலோ கிராங்க் அறையின் உட்புறத்தில் இருப்பதால், கேஸைப் பிரிக்காமல் அதைத் தொடவே முடியாது. ஆகவே பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்படிப் பிரிக்கும்போது இரண்டு சீல்களையும் பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

மாக்னெட்டைச் சுத்தியலால் தட்டாதீர்கள். நடு நட்டைத் திருப்பினால் முதலில் இளகி, பின்பு மறுபடியும் இறுகும். நட்டு துருப்பிடித்துவிட்டது என்று பலர் அந்த இடத்தில்தான் சுத்தியலைத் தேடுவார்கள். உண்மையில் நட்டு அப்போது சர்க்ளிப் எனப்படும் கவ்வு வளையத்தின் மீது முட்டுகிறது. தொடர்ந்து திருப்பினால் மாக்னெட்டை அதுவே இழுத்து வெளியே கொண்டுவரும். சர்க்ளிப் தன் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 — லேத்துப்பட்டறை

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இந்த இன்ஜினில் எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டிய இடம் வேறொன்று. வெஸ்பா வழிவந்த சேத்தக்கில் கார்புரேட்டரிலிருந்து வரும் கலவைக்கு வழிவிடுவதும் அடைப்பதும் கிராங்கின் வட்டத் தட்டின் விளிம்பேதான். அது கேஸில் கடைந்த ஒரு வளைந்த பரப்பை மயிரிழை இடைவெளியில் உரசாமல் சுற்றிவர வேண்டும். அந்தப் பரப்பில் ஆழமான கீறல் விழுந்துவிட்டால் கலவை கார்புரேட்டர் வழியாகவே திரும்பித் துப்பும், உதைத்தாலும் எளிதில் எடுக்காது, குறைந்த வேகத்தில் இழுவையும் இருக்காது. கேஸின் இரு பாதிகளும் ஒன்றாகச் சேர்த்துக் கடையப்பட்டவை என்பதால், கெட்டுப்போன பாதிக்கு மட்டும் மாற்று வாங்கிப் பொருத்துவதும் நல்ல வழியன்று.

எனவே பாதிகளைப் பிரிக்க இடையில் திருப்புளியை நுழைத்து நெம்பாதீர்கள். கிராங்கின் முனையைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றவும் வேண்டாம், ஏனெனில் தட்டுகள் சிறிது கோணினாலும் மீண்டும் சேர்த்த பிறகு அவை அந்தப் பரப்பையே உராயும். பேரிங் இருக்கும் இடத்தைச் சுற்றி வெப்பக் காற்றால் சூடாக்கினால் அலுமினியம் விரிந்து தானே விடும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் மேல்கீழாக ஆட்டம் தெரிந்தால் கிராங்கைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். அழுத்திப் பிரித்துப் புது ராடு போட்டு டயல் கேஜில் நேர்பார்க்கும் வேலையை முற்றத்தில் வைத்துச் செய்ய முடியாது. சிலிண்டரின் உள்விட்டத்தையும் அங்கேயே அளந்து பார்க்கச் சொல்லலாம். சிலிண்டர் நன்றாக இருந்தால் புது ரிங்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 — நால்கியர்

மூவர் சேர்ந்து செய்வதால் ஒரு சொல். கழற்றியவரே மாட்டட்டும், கியர் தண்டை ஒருவர் பிரித்து மற்றொருவர் கோத்தால் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) எந்தப் பக்கம் இருந்தது என்ற வழக்கு இரவுவரை ஓயாது. கியர் மரத்தினுள் (பல அளவுப் பற்சக்கரங்கள் ஒன்றாக அமைந்த பாகம்) இருக்கும் ஊசி ரோலர்களை எடுக்கும்போதே எண்ணிக் குறித்து வைத்து, மாட்டும்போது கிரீஸ் தடவி ஒட்டவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கியர் ஓட்டத்தில் தானாக நழுவும் பழக்கம் வண்டிக்கு இருந்ததென்றால், சிலுவை வடிவக் கியர் தேர்வியின் முனைகள் மழுங்கியிருக்கும்; கேஸ் திறந்திருக்கும்போதே அதை மாற்றிவிடுவது நல்லது. பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் துவாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிளட்சுக்குப் புதுத் தட்டுகள் போடுவதானால் அவற்றை முந்தைய இரவே ஆயிலில் ஊறப்போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ரீபோர் வேலையை இப்போதைக்குத் தள்ளிவைத்து, சீல், பேரிங், கேஸ்கட் ஆகியவற்றை வாங்கிய பிறகே இன்ஜினை இறக்குவதாக முடிவு செய்திருக்கிறோம். ஓட்டத் தொடங்கிய பின் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. 2டி ஆயில் (இருவீச்சு இன்ஜினுக்காகப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) போதுமா, முதல் சில டேங்குகளுக்குச் சற்றுக் கூட்ட வேண்டுமா?

மறுமொழி 4 — இருவீச்சு

20 மி.லி. என்ற 2 சதவீதக் கலவையே போதும். ஆயிலைக் கூட்டினால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து இன்ஜின் கூடுதலாகச் சூடேறவும் கூடும். தொடக்கத்தில் நீண்ட ஏற்றங்களையும் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவதையும் தவிர்த்தால் போதுமானது.