சார்ஜ் செய்வது, படங்களைக் கணினிக்குக் கொண்டுவருவது: சொற்கள் வேண்டும்

அனுப்புபவர்: பள்ளி ஆசிரியை

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியின் பசுமைப் படைக்கு ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா கிடைத்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏரிக்கரையில் பறவை, பூச்சி, செடி எல்லாம் படமெடுத்து, கணினியில் சேர்த்து, பெயர் எழுதி வைக்க வேண்டும். கேமராவோடு வந்த கையேட்டில் தமிழ் இல்லை. அதனால் இரண்டு பக்கத்தில் நானே ஒரு குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் நிற்கிறேன். ஒன்று, பேட்டரியை ‘சார்ஜ் செய்’ என்பதற்குப் பாடநூலோடு முரண்படாத சொல். இன்னொன்று, படங்களைக் கேமராவிலிருந்து கணினிக்கு ‘டிரான்ஸ்ஃபர்’ செய்வது. ‘இடமாற்றம்’ என்று எழுதினேன். எங்கள் தலைமையாசிரியருக்கு வந்த ஆணை மாதிரி இருக்கிறது. உதவுங்கள்.

---

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

அம்மா, பாடநூலில் ‘மின்னூட்டம்’ என்பது கூலூம் அலகில் அளக்கும் அளவு. எலக்ட்ரானுக்கு இருப்பது அது. பேட்டரிக்கு நாம் செய்வது ஒரு செயல். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எட்டாம் வகுப்பில் தொடங்கும் குழப்பம் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகும். எனவே செயலுக்கு ‘மின்னேற்றம்’, கருவிக்கு ‘மின்னேற்றி’ என்று வையுங்கள்.

பேட்டரியை ‘மின்கலம்’ என்று எழுதலாமா என்று யாராவது கேட்பீர்கள். ஒரு கலம் என்றால் மின்கலம், பல கலம் சேர்ந்தால் மின்கல அடுக்கு. சிறிய கேமராக்களின் லித்தியம் அயனி பேட்டரி பெரும்பாலும் 3.6 அல்லது 3.7 வோல்ட், அதாவது உள்ளே ஒரே கலம். அங்கே ‘மின்கலம்’ முழுக்கச் சரி. லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்கள் பலவற்றில் 7.2 வோல்ட், இரண்டு கலம். அங்கே ‘அடுக்கு’. பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

அனுப்புபவர்: தமிழாசிரியர், தஞ்சை

பொறியாளர் ஐயா சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. ஆனால் ‘ஏற்று’, ‘ஊட்டு’ இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உண் என்பதன் பிறவினை ஊட்டு. உண்பவருக்கு வாய் வேண்டும், பசி வேண்டும். செம்பஞ்சுக் குழம்பு ஊட்டுவது என்ற வழக்கில் மட்டும் அது மேற்பரப்பில் ஏறும் சாயம். ஏறு என்பதன் பிறவினை ஏற்று. கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவரும் ஏற்றமும் இந்த வேர்தான். தாழ்ந்த இடத்தில் கிடப்பதை உழைப்பைச் செலவழித்து மேலே கொண்டுவருகிறோம், பிறகு அது தானாகக் கீழே ஓடிப் பயன் தருகிறது. பேட்டரிக்குள் நடப்பதும் இதுவே.

இவை இரண்டையும்விட எனக்குப் பிடித்த சொல் ‘பெய்’. பெய்தல் என்றால் இடுதல், நிரப்புதல், சுமை ஏற்றுதல். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று வள்ளுவர் 475ஆம் குறளில் சொல்வது இந்தப் பெய்தலைத்தான். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். மின்கலத்தில் அளவுக்கு மீறிப் பெய்தால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘மின்பெய்வு’, ‘மின்பெய்வான்’. எண்ணிப் பாருங்கள்.

---

அனுப்புபவர்: பள்ளி ஆசிரியை

ஐயா, குறளை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் எங்கள் ஊரில் ‘பெய்’ என்றால் பிள்ளைகளுக்கு மழைக்கு அடுத்து நினைவுக்கு வருவது வேறு. குறிப்பு முழுக்கச் சிரிப்பாகிவிடும். அதை விட்டுவிடுவோம்.

---

அனுப்புபவர்: கேமரா பழுதுபார்ப்பவர், மதுரை

கடைக்கு வருகிற யாரும் ‘மின்னேற்றி’ கேட்டதில்லை. சார்ஜர் என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நாளைக்கு அது தொலைந்தால் பிள்ளை கடையில் என்ன கேட்கும்? சார்ஜர் என்றே எழுதுங்கள்.

சொல்லைவிட முக்கியமானதையும் குறிப்பில் சேருங்கள். சில கேமராக்கள் பென்டார்ச் பேட்டரி அளவில் இரண்டு போட்டு ஓடும். அதில் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடியது 1.2 வோல்ட் நிக்கல் வகை. கடையில் மலிவாகக் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரி அந்த வேலைக்கு இல்லை. அதைச் சார்ஜரில் போட்டால் சூடாகி ஒழுகலாம், வெடிக்கவும் கூடும். பார்வைக்கு இரண்டும் ஒரே அளவுதான். எந்தச் சொல்லை வைத்தாலும் இந்த வேறுபாடு பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

---

அனுப்புபவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கட பக்கப் பாடநூல்களில் அந்த கூலூம் அளவுக்கே ‘ஏற்றம்’, ‘மின்னேற்றம்’ என்றுதான் சொல்வது. பொறியாளர் ஐயா செயலுக்கு ஒதுக்கிய சொல் எங்களுக்கு அளவின் பெயர். இந்தக் குறிப்பு உங்கள் பள்ளிக்கு என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் இந்தக் குழுவில் முடிவாகும் சொல் அகரமுதலிகளில் ஏறி எங்களுக்கும் வந்து சேரும்.

‘மின்னேற்றல்’ என்று வைத்தால் என்ன? அல் ஈற்றுத் தொழிற்பெயர் செயலை மட்டும் சொல்லும். அளவுக்கு நீங்கள் மின்னூட்டம் என்றாலும் நாங்கள் ஏற்றம் என்றாலும் மோதாது.

---

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

நல்ல தீர்வு. மின்னேற்றல் என்பதை ஏற்கிறேன். மதுரை நண்பருக்கு ஒரு வார்த்தை. மக்கள் இப்போதே ‘சார்ஜ் ஏறிடுச்சா’, ‘சார்ஜ் இறங்கிடுச்சு’ என்றுதான் பேசுகிறார்கள். வினை தமிழாகவே இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் மின்னேற்றலும் மின்னிறக்கலும் கிடைத்துவிடும். சேலத்தில் 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொல்லாக்கத்துக்கென்றே சங்கம் வைத்தார்கள். அந்தக் காலத்திலும் ‘யாருக்குப் புரியும்’ என்ற கேள்வி இருந்திருக்கும். பேருந்து என்ற சொல்லுக்கு இன்று யாரும் விளக்கம் கேட்பதில்லையே.

அம்மா, பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். லித்தியம் அயனிக் கலத்தில் முதலில் மின்னோட்டத்தை நிலையாக வைத்து ஏற்றுவார்கள். கலம் சுமார் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் மின்னழுத்தத்தை நிலையாக வைத்து ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். அதனால்தான் கடைசிப் பகுதி மெதுவாக ஏறுகிறது. வெயிலில் வைத்து ஏற்றக் கூடாது. கோடை விடுமுறையில் அலமாரியில் வைப்பதானால் பாதியளவு ஏற்றி வைப்பது கலத்துக்கு நல்லது.

---

அனுப்புபவர்: தமிழாசிரியர், தஞ்சை

இரண்டாவது சொல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ‘டிரான்ஸ்ஃபர்’ என்பதற்குப் ‘பரிமாற்றம்’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. கணினி கேமராவுக்கு என்ன கொடுத்தது? ‘பெயர்த்தல்’ என்று சொல்லலாம். தொல்காப்பிய மரபியலிலேயே ‘மொழிபெயர்த்து’ என்று வருகிறது. ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் ஆக்குவது. ‘படம்பெயர்ப்பு’ எனலாம்.

---

அனுப்புபவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் மூலநூல் அப்படியே இருக்கும், உண்மை. ஆனால் எங்களுக்குப் ‘பெயர்’ என்றதும் முதலில் வருவது இடம்பெயர்வு. வீட்டைவிட்டு, ஊரைவிட்டுப் போனது. இருந்த இடத்தில் எதுவும் மிஞ்சாது. ‘படங்களைப் பெயர்க்கவும்’ என்று வாசித்தால் கமராவில் இனிப் படம் இருக்காது என்றே நான் விளங்கிக்கொள்வேன்.

உண்மையில் அங்கேதான் சிக்கல். ஆங்கிலச் சொல் இரண்டையும் மூடி மறைக்கிறது. படம் கமராவின் நினைவக அட்டையிலும் இருந்து கணினியிலும் இருக்குமா, அல்லது அட்டையிலிருந்து போய்விடுமா? பிள்ளைக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

---

அனுப்புபவர்: கேமரா பழுதுபார்ப்பவர், மதுரை

யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கல்யாணப் படம் போய்விட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருபவர்கள் பலரும் ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்தவர்கள். பாதியில் கேபிள் ஆடியிருக்கும், இல்லை பேட்டரி இறங்கியிருக்கும். படம் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. சில மென்பொருள்கள் படத்தை எடுத்துக்கொண்டதும் அட்டையில் அழிக்கவா என்று கேட்கும். பிள்ளைகள் யோசிக்காமல் ஆம் என்று அழுத்திவிடுவார்கள்.

நகல் எடுக்க வேண்டும், கணினியில் திறந்து பார்க்க வேண்டும், அப்புறம்தான் கேமராவிலேயே அழிக்க வேண்டும். டிசிஐஎம் என்ற கோப்புறைக்குள் 100 அல்லது 101 என்று தொடங்கும் கோப்புறை இருக்கும், படங்கள் அதற்குள். அந்தக் கோப்புறைகளின் பெயரை மாற்றக் கூடாது, மாற்றினால் கேமராவுக்கே படம் தெரியாமல் போகலாம். இதற்கு ஏற்ற சொல்லைப் பெரியவர்கள் சொல்லுங்கள்.

---

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

‘படியெடு’. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர்கள் மூலச் சுவடியை எரிக்கவில்லை. மூலம் இருக்கும், படியும் இருக்கும். ‘நகர்த்து’ என்பதை இன்னொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

---

அனுப்புபவர்: தமிழாசிரியர், தஞ்சை

படியெடு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது ‘காப்பி’க்குரியது. ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற பொதுச்சொல்லின் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. பொதுச்சொல் இல்லாமல் சிறப்புச் சொற்களை மட்டும் வைத்து ஒரு துறையை எழுத முடியாது. வேலை முடியட்டும் என்று அவசரப்படுவது சொல்லாக்கத்துக்கு நல்லதில்லை. பெயர்ப்பு என்பதை நான் விடவில்லை.

---

அனுப்புபவர்: பள்ளி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. நாளை கொடுத்தாக வேண்டும், எனவே இப்படி எழுதிவிட்டேன்: கருவி ‘மின்னேற்றி’, அடைப்புக்குள் ‘சார்ஜர்’. செயல் ‘மின்னேற்றல்’. எங்கள் பேட்டரியில் 3.7 வோல்ட் என்று இருக்கிறது, ஆகவே ‘மின்கலம்’. பொதுச்சொல்லே வராதபடி வாக்கியத்தை மாற்றிவிட்டேன்: ‘படங்களைக் கணினியில் படியெடுக்கவும். திறந்து பார்க்கவும். எல்லாம் தெரிந்த பிறகு ஆசிரியரிடம் கேட்டு அட்டையில் அழிக்கவும்.’ அல்கலைன் பேட்டரி எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன்.

---

அனுப்புபவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

நல்லது. ஒன்று விடுபட்டிருக்கிறது. படியெடுத்த பிறகு கேபிளைப் பிடுங்கும் முன் திரையில் ‘எஜெக்ட்’ கொடுக்க வேண்டுமே, அதற்கு என்ன எழுதினீர்கள்? ‘வெளியேற்று’ என்றால் அட்டையைக் கையால் உருவச் சொல்வதாகப் பிள்ளை நினைக்கும். ‘விடுவி’ என்று போடலாமா?

---

அனுப்புபவர்: தமிழாசிரியர், தஞ்சை

‘விடுவி’ வேண்டாம். விடு என்பதன் பிறவினை குறித்து விரிவாக இன்று இரவு எழுதுகிறேன்.