டெபியன் பக் ரிப்போர்ட்டுகளை மெயில் கட்டளையால் கையாள்வது எப்படி? கண்ட்ரோல் முகவரி படுத்துகிறது

முனையவாசி:

எல்லாருக்கும் வணக்கம். லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனில் ஒரு சின்ன பேக்கேஜைக் (மென்பொருள் பொதி) கவனித்துக்கொள்ளும் பொறுப்பு சமீபத்தில் என் கைக்கு வந்தது. முன்பு பார்த்தவர் விலகி ரொம்ப நாளாகிவிட்டதால் பக் ரிப்போர்ட்டுகள் (பிழை அறிக்கைகள்) கேட்பாரற்றுக் குவிந்து கிடக்கின்றன. இணையப் பக்கத்தில் எல்லாவற்றையும் படிக்க முடிகிறது, ஆனால் ஒரு பக்கைக்கூட அங்கிருந்தே மூடவோ மாற்றவோ வழியில்லை, லாகின் பட்டனே கிடையாது. எல்லாம் மெயிலில்தான் என்று தெரிந்துகொண்டு கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் கண்ட்ரோல் முகவரிக்கு இப்படி ஒன்று அனுப்பினேன் (செவிரிட்டி என்பது பிழையின் தீவிரம், டேக்ஸ் என்பது அடையாளக் குறிகள், மோர்இன்ஃபோ என்றால் கூடுதல் விவரம் தேவை):

செவிரிட்டி 1234567 இம்பார்ட்டன்ட்
டேக்ஸ் 1234567 + மோர்இன்ஃபோ
எந்த வெர்ஷனில் இது வருகிறது என்று சொல்ல முடியுமா?

கீழே என் கையெழுத்து வரிகள். முதல் இரண்டு கட்டளையும் வேலை செய்தன. ஆனால் நான் கேட்ட கேள்வியும் என் பெயரும் 'தெரியாத கட்டளை' என்று ஒவ்வொரு வரியாகத் திரும்பி வந்தன. ரிப்போர்ட் அனுப்பியவரிடமிருந்து பதிலும் இல்லை. கேள்வி அவருக்குப் போனதா இல்லையா என்றே புரியவில்லை. தினமும் இதை வைத்து வேலை செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இதற்கு மேல் ஒரு வலை முகப்பு வைத்திருக்கக் கூடாதா என்றும் தோன்றுகிறது.

—

பழைய_பொதி:

கேள்வி அவருக்குப் போகவில்லை. அதை முதலில் சரிசெய்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கண்ட்ரோல் முகவரியில் படிப்பது ஒரு நிரல். மெயிலை மேலிருந்து வரி வரியாக எடுத்து ஒவ்வொன்றையும் கட்டளையாகவே பார்க்கும், தெரியாத வரி சில வந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளும். அதனால் கட்டளைகள் முடிந்ததும் 'தேங்க்ஸ்' என்று தனி வரியில் போடுங்கள் (இங்கே தமிழில் எழுதினாலும் மெயிலில் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). அதற்குக் கீழே இருப்பதை அது தொடாது. 'ஸ்டாப்', 'க்விட்' என்றும் போடலாம், இரண்டு சிறு கோடு போட்டாலும் நின்றுவிடும், ஆனால் பழைய ஆட்கள் எல்லாரும் தேங்க்ஸ்தான் போடுவோம். எண் குறியில் தொடங்கும் வரி குறிப்பாக எடுத்துக்கொள்ளப்படும், கட்டளைக்குக் காரணம் எழுத அது உதவும்.

ஆனால் உங்கள் சிக்கலுக்கு விடை அது இல்லை. உங்களுக்கு வேண்டியது பக் எண்ணையே முகவரியாகக் கொண்ட மெயில். எண், அட், பக்ஸ் டாட் டெபியன் டாட் ஆர்க் என்று அனுப்பினால் நீங்கள் எழுதுவது அந்த பக்கின் பதிவில் நிரந்தரமாகச் சேரும். எண்ணுக்குப் பின்னால் சிறுகோடு போட்டு 'சப்மிட்டர்' என்று சேர்த்த முகவரி ஒன்று உண்டு. ரிப்போர்ட் செய்தவரிடம் கேள்வி கேட்கும்போது அதையும் பெறுநராகப் போட்டுவிடுங்கள், அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகமே வராது. கட்டளையையும் அதே மெயிலின் உச்சியில் வைக்கலாம்:

கண்ட்ரோல்: செவிரிட்டி -1 இம்பார்ட்டன்ட்
கண்ட்ரோல்: டேக்ஸ் -1 + மோர்இன்ஃபோ

கழித்தல் ஒன்று என்றால் 'இந்த பக்' என்று அர்த்தம், எண்ணைத் திரும்ப அடிக்க வேண்டாம், ஒரு இலக்கம் மாறி வேறு யாருடைய பக்கிலோ கை வைக்கிற ஆபத்தும் இல்லை. அப்புறம் ஒரு காலி வரி, அதன் கீழே நீங்கள் மனிதருக்கு எழுதுவது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கண்ட்ரோலுக்கு மட்டும் தனியாகக் கட்டளை அனுப்பும் பழக்கம் வந்துவிட்டால் பதிவில் நிலைமாற்றம் மட்டும் இருக்கும், ஏன் மாற்றினார்கள் என்பது எங்கேயும் இருக்காது. பல வருடம் கழித்து அந்த பேக்கேஜை எடுக்கிறவர், இப்போது நீங்கள் இருக்கிற அதே இடத்தில்தான் இருப்பார். 'வோன்ட்ஃபிக்ஸ்' (சரிசெய்யப் போவதில்லை) என்ற டேக் இருக்கும், காரணம் இருக்காது, அதை எடுத்துவிடலாமா கூடாதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ரிப்போர்ட் அனுப்பியவரும் தன் நேரத்தைச் செலவழித்து, லாகை எல்லாம் ஒட்டி, அனுப்பியிருக்கிறார். அவருக்கு ஒரு வரி காரணமாவது சொல்லிவிட்டு மாற்றுவதுதான் மரியாதை.

மூடுவதும் இப்படித்தான். 'க்ளோஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்தாதீர்கள், ஆவணத்திலேயே அது கைவிடப்பட்டது என்று போட்டிருக்கும். எண்ணுக்குப் பின்னால் சிறுகோடு போட்டு 'டன்' சேர்த்த முகவரிக்கு எழுதுங்கள். அந்த மெயிலே மூடும், நீங்கள் எழுதிய விளக்கமும் ரிப்போர்ட் செய்தவருக்குப் போகும். முதல் வரியில் 'வெர்ஷன்:' போட்டு எந்தப் பதிப்பில் சரியானது என்று குறிப்பிடுங்கள். புதுப் பதிப்பு ஏற்றும்போது சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) 'க்ளோசஸ்:' போட்டு எண்ணை எழுதினால் அதுவே மூடிவிடும், அங்கேயும் வெறும் எண்ணை மட்டும் எழுதாமல் என்ன செய்தீர்கள் என்று அரை வரி சேருங்கள்.

வலை முகப்பு ஏன் இல்லை என்றால், இந்த பக் அமைப்பை இயன் ஜாக்சன் 1994இல் பெர்ல் நிரல்மொழியில் எழுதத் தொடங்கியபோது டெபியன்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசிய இடமே மெயில்தான். பழசு என்பதற்காக நான் இதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. ரயிலில் இணைப்பே இல்லாமல் இருக்கும்போது எல்லாப் பதிலும் எழுதி வைத்துவிட்டு இணைப்பு வந்ததும் ஒரே மூச்சில் அனுப்ப முடிகிறது, கணக்குத் திறக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை, உலகத்தில் எவரிடமிருந்தும் ஒரு ரிப்போர்ட் வந்து சேர்கிறது. கடைசிக் காரணத்துக்காகவே இது இப்படியே இருக்க வேண்டும் என்பேன்.

—

கட்டளைக்கிளி:

மேலே சொன்னதோடு நடைமுறைக்கு இரண்டு விஷயம்.

மெயில் சாதாரண உரையாகப் போக வேண்டும். வெறும் எச்டிஎம்எல் மெயில் போனால் கட்டளை இருக்கிற இடமே அதற்குப் புரியாது. சில மெயில் செயலிகள் நீளமான வரியைத் தாமாகவே மடித்துவிடும், 'ரீடைட்டில்' கட்டளையில் புதுத் தலைப்பு நீளமாக இருந்தால் பாதித் தலைப்பு அடுத்த வரிக்குப் போய் அது தெரியாத கட்டளையாகிவிடும். தலைப்பு மாற்றிய பிறகு வரும் பதிலை ஒருமுறை பாருங்கள். எந்தக் கட்டளை என்ன செய்தது, முன்பு என்ன மதிப்பு இருந்தது என்று அதில் வரிசையாக இருக்கும்.

கண்ட்ரோல் முகவரியை நேரடியாகப் பயன்படுத்த வேண்டி வந்தால் அதை மறைநகல் கட்டத்தில் போடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் 'எல்லாருக்கும் பதில்' அழுத்தும்போது அவர் எழுதும் வாக்கியமெல்லாம் கட்டளை நிரலுக்குப் போய், அவருக்கு நீளமான பிழைப் பட்டியல் வரும்.

கையால் எழுத அலுப்பாக இருந்தால் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் 'பிடிஎஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. டெர்மினலில் அதன் பின்னால் செவிரிட்டி, எண், மதிப்பு என்று அடித்தால் அதுவே மெயிலாக்கி அனுப்பிவிடும். பல பக்குகளுக்கு ஒரே டேக் போட வேண்டிய நாளில் நான் அதைத்தான் எடுப்பேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பழைய_பொதி சொன்ன வழிதான் சரி.

—

முனையவாசி:

மிக்க நன்றி. சப்மிட்டர் முகவரிக்கும் சேர்த்து அனுப்பினேன், மறுநாளே பதில் வந்துவிட்டது! அவர் இப்போதும் அந்த பேக்கேஜைப் பயன்படுத்துகிறாராம்.

இன்னும் இரண்டு இடத்தில் நிற்கிறேன். ஒரே பிரச்சினையைப் பற்றி மூன்று பேர் தனித்தனியாக ரிப்போர்ட் செய்திருக்கிறார்கள். அவற்றை ஒன்றாகச் சேர்க்க 'மெர்ஜ்' போட்டால் மறுக்கிறது. இன்னொரு பக் முன்பே மூடப்பட்டது, ஆனால் இப்போதைய பதிப்பில் அதே பிழை திரும்ப வருகிறது, 'ரீஓப்பன்' அனுப்பினால் ஆர்க்கைவ் ஆகிவிட்டது, மாற்ற முடியாது என்கிறது.

—

பழைய_பொதி:

மெர்ஜ் ஆக வேண்டுமென்றால் மூன்றும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒரே பேக்கேஜ், ஒரே செவிரிட்டி, எல்லாம் திறந்திருக்க வேண்டும் அல்லது எல்லாம் மூடியிருக்க வேண்டும், மூல நிரலாளருக்கு ஃபார்வர்ட் செய்த முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் மூன்றில் ஒன்று மட்டும் 'மைனர்' என்றோ வேறு எப்படியோ இருக்கும், பாருங்கள். அதைச் சரிசெய்துவிட்டு மெர்ஜ் போடலாம். அல்லது 'ஃபோர்ஸ்மெர்ஜ்' போடலாம், முதலில் எழுதும் எண்ணின் நிலையை மற்றவை எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லா விவரமும் ஒழுங்காக இருக்கிற ரிப்போர்ட்டை முதலில் எழுதுங்கள். ஃபோர்ஸ்மெர்ஜும் ஒரே பேக்கேஜுக்குள்தான் வேலை செய்யும், எண் தவறிப்போய் யாருடைய பக்கையோ சேர்த்துக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது.

ஆனால் அவசரப்பட்டு மெர்ஜ் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. மூவரும் 'திறந்ததும் மூடிக்கொள்கிறது' என்று எழுதியிருப்பார்கள், ஒருவருக்கு உள்ளமைவுக் கோப்பில் பிழை, இன்னொருவருக்கு ஒரு லைப்ரரி மாறியதால் பிழை. அறிகுறி ஒன்று என்பதால் நோய் ஒன்றாகிவிடாது. பேக்ட்ரேஸ் (நிரல் எந்த வழியாகப் போய் உடைந்தது என்ற பதிவு) இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாதவரிடம் கேளுங்கள். இதற்கு நேர் எதிராக ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு பிழை கலந்து இருந்தால் 'க்ளோன்' இருக்கிறது. புதிதாகப் பிறக்கும் பக்குக்குக் கழித்தல் ஒன்று என்று தற்காலிகப் பெயர் வைத்து, அதே மெயிலின் அடுத்த வரியிலேயே அதன் தலைப்பையும் பேக்கேஜையும் மாற்றலாம்:

க்ளோன் 1234567 -1
ரீடைட்டில் -1 (புதுத் தலைப்பு)
ரீஅசைன் -1 (வேறு பேக்கேஜ்)
தேங்க்ஸ்

வேறு பேக்கேஜுக்குத் தள்ளும்போது பழைய பேக்கேஜின் பதிப்புக் குறிப்புகள் அழிந்துவிடும், ஆகவே ரீஅசைன் வரியின் கடைசியில் புதுப் பேக்கேஜின் பதிப்பையும் எழுதிவிடுங்கள். ஏன் தள்ளுகிறீர்கள் என்று அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு மெயில், இது கட்டாயம். சொல்லாமல் தள்ளப்பட்ட பக் அவர்களிடம் போய் அநாதையாகக் கிடக்கும்.

மூடிய பக் 28 நாள் எந்த அசைவும் இல்லாமல் இருந்தால் ஆர்க்கைவுக்குப் போகும். முதலில் 'அன்ஆர்க்கைவ்', பிறகு மற்றது. ரீஓப்பனுக்குப் பதில் 'ஃபவுண்ட்' போட்டு எண்ணையும் இப்போது பிழை வருகிற பதிப்பையும் எழுதுங்கள். ரீஓப்பன் போட்டால் எந்தப் பதிப்பில் சரியானது என்ற பழைய குறிப்பு போய்விடும். ஃபவுண்ட் போட்டால் எங்கே சரியானது, எங்கே திரும்ப வந்தது, இரண்டும் தெரியும். பிழை எந்த மாற்றத்தில் திரும்ப நுழைந்தது என்று தேடுகிறவருக்கு அதுதான் பிடிமானம்.

—

இரட்டைச்சாவி:

எனக்கு ஒன்று உறுத்துகிறது. யார் வேண்டுமானாலும் எந்த பக்கை வேண்டுமானாலும் மாற்றலாம், சரிபார்ப்பே இல்லை. இதை எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்? உபுண்டுவின் பக்குகளைப் பதிகிற லான்ச்பேடிலும் மெயில் கட்டளை உண்டு, அங்கே வரித் தொடக்கத்தில் ஒரு இடைவெளி விட்டுக் கட்டளை எழுத வேண்டும், ஜிபிஜி கையொப்பம் (தனிச் சாவியால் போடும் டிஜிட்டல் கையொப்பம்) இல்லாமல் ஏற்காது. அதுதானே பாதுகாப்பு?

—

கட்டளைக்கிளி:

பாதுகாப்புதான், ஆனால் சாவி உருவாக்கத் தெரிந்தவர்தான் கட்டளை அனுப்ப முடியும் என்றாகிறது. டெபியனில் பக்கை வகைப்படுத்துகிற வேலையில் உறுப்பினர் அல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் அப்படித்தான் உள்ளே வந்தவர்கள். ஒவ்வொரு மாற்றமும் யார் பெயரில் வந்தது என்று பதிவில் நிற்கிறது, பேக்கேஜ் பொறுப்பாளருக்கும் தகவல் போகிறது, தவறானால் எதிர்க் கட்டளை ஒன்று அனுப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். லினக்ஸ் கெர்னலில் தானாகப் பிழை தேடும் சிஸ்பாட் என்ற நிரல் அனுப்பும் பிழை மெயிலுக்கும் இதே மாதிரி பதில் மெயிலில் ஒரு வரி எழுதினால் போதும், எந்த மாற்றம் சரிசெய்தது, எது இரட்டைப் பதிவு என்று அது குறித்துக்கொள்ளும்.

பிரச்சினை வருகிற இடம் செவிரிட்டிதான். 'கிரிட்டிகல்', 'க்ரேவ்', 'சீரியஸ்' மூன்றும் வெளியீட்டையே பாதிக்கும் நிலைகள். தன் கணினியில் பிழை வந்த கோபத்தில் ஒருவர் கிரிட்டிகல் போட்டுவிடுவார். தொடர்பில்லாத மற்ற மென்பொருளை உடைப்பது, முழு அமைப்பையும் கெடுப்பது, பெரிய தரவு இழப்பு, நிறுவினாலே அமைப்பில் பாதுகாப்பு ஓட்டை, இப்படிப்பட்டதற்குத்தான் அது. அந்த வரையறையை எடுத்துக் காட்டி, அவருடைய பிழை ஏன் இம்பார்ட்டன்ட் என்று பொறுமையாக எழுதி, கண்ட்ரோல் வரியோடு இறக்குங்கள். அவர் திரும்ப ஏற்றினால் கட்டளைப் போரில் இறங்காமல் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

—

முனையவாசி:

அன்ஆர்க்கைவும் ஃபவுண்டும் ஒரே மெயிலில் போட்டேன், வேலை செய்தது. மூன்று ரிப்போர்ட்டில் இரண்டுதான் ஒரே பிழை. மூன்றாவது வேறு லைப்ரரியால் வருகிறது, அதைத் தனியாகவே விட்டு, பார்த்த விவரத்தை ரிப்போர்ட் செய்தவருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்து மோர்இன்ஃபோ போட்டு வருடக்கணக்கில் பதில் வராமல் நிற்பவை. அவற்றை மூடலாமா?

—

பழைய_பொதி:

மூடலாம், ஆனால் அதற்கு முன் இப்போதைய பதிப்பில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிழை வந்தால் டேக்கை எடுத்துவிட்டு 'கன்ஃபர்ம்ட்' போடுங்கள். வராவிட்டால் சப்மிட்டர் முகவரிக்கும் சேர்த்து ஒரு கடைசி மெயில், எந்தப் பதிப்பில் என்ன செய்து பார்த்தீர்கள் என்று. ஒரு மாதம் பொறுத்து டன் முகவரிக்கு எழுதுங்கள், திரும்ப வந்தால் இந்த எண்ணுக்கே எழுதச் சொல்லி, ஆர்க்கைவ் ஆகியிருந்தால் அன்ஆர்க்கைவ் செய்கிற வழியையும் அதில் சேர்த்துவிடுங்கள்.