கொம்பா, தந்தமா, எலும்பா? கையில் கிடைத்து இன்னும் மனதைவிட்டுப் போகாதவை: உங்கள் அனுபவங்கள்

கரைமேடு:

வெள்ளம் வடிந்திருந்தது. கரை இடிந்து விழுந்த இடத்தில், சாம்பல் நிறக் களிமண்ணுக்குள்ளிருந்து ஒரு கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. உடைந்த முனையைக் கழுவியதுமே தந்தம் என்று தெரிந்துவிட்டது. வட்டத்துக்குள் வட்டமாக அடுக்குகள், அவற்றின் மேல் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சின்னச் சின்னச் சாய்சதுரங்களாக. யானைத் தந்தத்தின் அடையாளமே அந்தக் கோடுகள்தான்.

எனக்கு ஆறாதது அப்புறம் நடந்ததுதான். தோண்டி எடுத்தவர்களில் மூத்தவர் ஒருவர், "ஈரம் காயட்டும், பிறகு தூக்கலாம்" என்று ஒரு தகரத்தின் மேல் வெயிலில் கிடத்தினார். வேண்டாம் ஐயா என்றேன். "இத்தனை ஆயிரம் வருஷமாகக் கெடாதது ஒரு நாள் வெயிலிலா கெட்டுவிடும்?" என்றார். பிற்பகலில் பட்டென்று ஒரு சத்தம். திரும்பினால் முனையிலிருந்து ஒரு விரிசல் கண்ணெதிரே நீண்டுகொண்டு போகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம். பொழுது சாய்வதற்குள் வெளி அடுக்கு முழுதாகக் கழன்றுவிட்டது. உள்ளே ஒரு கூம்பு, அதற்குள் இன்னொரு கூம்பு. ஒன்றுக்குள் ஒன்று செருகிவைத்த காகிதக் குவளைகளைப் பிரித்துப் போட்டதுபோல. தந்தம் அடியிலிருந்து கூம்பு கூம்பாகத்தான் வளர்கிறது என்று படித்திருக்கிறேன். அதை அப்படி ஒரு கோலத்தில் பார்த்திருக்க வேண்டாம்.

துண்டுகள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. திறக்க மனம் வரவில்லை.

நத்தைக்கூடு:

என்னுடையது கொம்பு. தாத்தாவின் கண்ணாடி அலமாரியில் இருந்த 'காண்டாமிருகக் கொம்பு'. விரல் நீளம், லேசான வளைவு, கூர்மையான நுனி, அகன்ற பக்கத்தில் ஒரு குழி, மேற்புறம் நெடுக வரிகள். வீட்டுக்கு யார் வந்தாலும் அது ஒரு சுற்றுக் கைமாறாமல் பேச்சு முடியாது.

காண்டாமிருகக் கொம்பில் எலும்பே கிடையாது. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான் முழுக்க. உறைநிலத்தில் அகப்பட்டால் தப்பிக்கும், மற்றபடி பெரும்பாலும் மக்கிப் போகும். இப்படிக் கனமான கல்லாக ஆகியிருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் தாத்தா எதிரிலேயே குழிப்பக்கத்தை நனைத்துப் பார்த்தேன். ஈரம் பட்டதும் கல்லின் நிறம் ஆழமாகி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தடுப்புச் சுவர்கள் வரிசையாக எழுந்து வந்தன. கொம்புப் பவளம். கடலடியில் தனியாக வாழ்ந்த ஓர் உயிரின் கூடு. அந்த வகைப் பவளங்கள் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவோடு அழிந்துவிட்டன. கொம்பு முளைத்த எந்தப் பாலூட்டியும் அப்போது பூமியில் கிடையாது.

சொன்னேன். தாத்தா வாங்கிச் சட்டையில் துடைத்து அதே இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரிடமும் அவர் அதை எடுத்துக் காட்டவில்லை. "காண்டாமிருகத்தைவிட எவ்வளவோ பழசு தாத்தா, இதுதான் பெரிய விஷயம்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அவர் கை அந்த அலமாரிப் பக்கம் போகவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

சல்லடை:

கரைமேடு, வெயிலில் வைத்தவரைக் குறை சொல்லாதீர்கள். நிஜமான புதைபடிவம் என்றால் கல்லாகியிருக்கும். கல் எப்படி வெயிலில் வெடிக்கும்? உங்களுடையது அவ்வளவு பழசு இல்லை.

எனக்கு எப்போதும் ஒரே சோதனைதான், நாக்கு. ஓடைப் படுகையில் கன்னங்கரேலென்று ஒரு துண்டு கிடைத்தது. நுனிநாக்கில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. இழுத்தால்தான் விட்டது. அந்த இழுப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. எலும்பு, அதுவும் நல்ல பழைய எலும்பு. கறுப்பு நிறமே அதற்குச் சாட்சி. யாருக்காவது சந்தேகம் வந்தால் ஓர் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓரத்தில் வைத்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் அடித்தால் நேற்றைய மாடு, அடிக்காவிட்டால் புதைபடிவம். இதற்குமேல் எந்த நிபுணரும் வேண்டாம்.

தூரிகை:

சல்லடை எழுதியதை யாராவது அப்படியே செய்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாக்கு ஒட்டுவதற்குக் காரணம் எலும்பின் நுண்துளைகள். துளை இருக்கிற எதுவும் ஒட்டும்: காய்ந்த களிமண் கட்டி ஒட்டும், பானை ஓடு ஒட்டும். துளைகளெல்லாம் கனிமம் நிறைந்து அடைந்துபோன அருமையான புதைபடிவ எலும்பு ஒட்டாமலே போகலாம். பல்லின் எனாமல் ஒட்டவே ஒட்டாது. அதற்குப் பதில் ஒரு கைலென்ஸில் உடைந்த முகத்தைப் பாருங்கள். வெளியே அடர்ந்த ஓடு, உள்ளே வலை வலையாகப் பஞ்செலும்பு தெரிந்தால் அது எலும்பு. உள்ளும் புறமும் ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் வெறும் கல். தொடையெலும்பு உருவத்தில் எத்தனையோ களிமண் முண்டுகள் கிடைக்கின்றன, வெளித்தோற்றத்தை நம்பவே கூடாது.

கறுப்பு என்பது எலும்பு கிடந்த மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் ஏற்றிவிட்ட சாயம். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சேற்றில் கிடந்தால் சமீபத்து மாட்டெலும்பும் கறுத்துப்போகும்.

ஊசி விஷயம்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரவைக்கிறது. கருகும் நாற்றம் எலும்பிலிருக்கும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. குளிர்ந்த மண்ணில் கொலாஜன் பல்லாயிரம் ஆண்டு தாங்கும். எலும்புக்குக் கரிமக் காலக்கணிப்பு செய்வதே அந்த மிச்சக் கொலாஜனைப் பிரித்தெடுத்துத்தான். சுமார் 50,000 ஆண்டுகள் வரை அப்படிக் கணிக்க முடிகிறது. நாற்றம் வந்தது என்று நீங்கள் தூக்கிப்போடும் 'நேற்றைய மாடு' பனியுகத்தில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு மாமூத் யானையாக இருக்கலாம். பனியுகத் தந்தங்களில் பலவும் கல்லாக மாறவே இல்லை, தந்தமாகவேதான் இருக்கின்றன. ஈரத்தில் ஊறிக் கிடந்து, சட்டென்று காயும்போது அடுக்குகள் சுருங்கிப் பிரிந்து வெடிக்கின்றன. கரைமேடு பார்த்தது அதைத்தான்.

கேட்காமலே சொல்கிறேன். தந்தமோ எலும்போ ஈரமாகக் கிடைத்தால் ஈரத்தைக் காப்பாற்றுங்கள். ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, நிழலுக்குக் கொண்டுபோங்கள். காயவைப்பது மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், பூஞ்சை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முழுக்கக் காய்வதற்கு முன் எந்தப் பசையும் கூடாது. காய்ந்த பிறகும் வெள்ளைப் பசை, வார்னிஷ் எதுவும் வேண்டாம். அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துப் பூசுகிறார்கள். பிறகு தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே அதை எடுத்துவிடலாம், அதுதான் முக்கியம். இதெல்லாம் எடுத்த பிறகு. முடிந்தவரை எடுக்காதீர்கள். அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். பல நாடுகளில் அனுமதியில்லாமல் எடுப்பது சட்டப்படியே குற்றம்.

என் அனுபவம் என்று பார்த்தால் சின்னதுதான். ஒரு மாட்டினக் கொம்பின் எலும்புக் கரு, அதாவது கொம்புறைக்குள் இருக்கும் எலும்பு, எங்களிடம் வந்தது, பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தார்கள். அதை உரிக்க உரிக்க மேல்தோலும் சேர்ந்து உதிர்ந்தது. ரத்தக் குழாய் ஓடிய பள்ளங்கள் அந்தத் தோலில்தான் இருந்தன. என் தூரிகை நுனியில் அவை தூளாகப் போனதை மறக்க முடியவில்லை.

கரைமேடு, அந்தப் பெட்டியைத் திறங்கள். குறுக்குவெட்டு முகம் தெரியும் துண்டு ஒன்று இருந்தாலும் போதும். வெளி ஓரத்தில் அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணத்தை அளக்கலாம். மாமூத் என்றால் 90 டிகிரிக்குக் கீழே, இன்றைய யானைகள் என்றால் 115 டிகிரிக்கு மேலே இருக்கும். இடையில் வந்தால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது, பல இடங்களில் அளந்து சராசரி பாருங்கள். சிதறியதால் எல்லாம் போய்விடவில்லை.

வலைவீடு:

இரவு வலை இழுத்தோம். மீனோடு ஒரு கனமான கறுப்புக் கட்டி தளத்தில் விழுந்தது. ஐரோப்பாவின் வடகடலில் மாமூத் எலும்புகள் இழுவலையில் சிக்குவது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், பனியுகத்தில் அங்கே கடலே இல்லை, புல்வெளி. ஆனால் அன்றைக்கு எங்கள் படகில் யாருக்கும் அந்த நினைப்பு இல்லை. எல்லோருக்கும் வலை கிழிந்த கவலை.

நான் கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தடவினேன். ஒரு பக்கம் தட்டையாக இருந்தது, அதில் குறுக்கே வரிசையாக வரப்புகள், ஒவ்வொன்றும் விரலில் வழவழவென்று தனியாகத் தட்டுப்பட்டது. யானைக் கடைவாய்ப் பல். எனாமல் தகடுகள் அடுக்கி அடுக்கி ஆனது. யானையின் அழிந்துபோன உறவினமான மாஸ்டடான் என்றால் வரப்பு இருக்காது, கூம்புக் கூம்பாகக் குமிழ்கள் இருக்கும். "பல்லு, பல்லு" என்று கத்தினேன். தலைவர் காதில் விழவில்லை, காலால் தள்ளிவிட்டார். போய்விட்டது. வலையைக் கிழிக்கும் கல் என்று நினைத்துத்தான் தள்ளினார், அவர்மேல் கோபம் இல்லை. விரலில் மட்டும் அந்த வரப்புகள் இருக்கின்றன.

சல்லடை:

தூரிகை, களத்தில் வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க நாக்கில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். எல்லோரும் பையில் ஆய்வுக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதுவும் போக, என் துண்டின் உடைந்த முகத்தில் பஞ்செலும்பு தெளிவாகத் தெரிகிறது. எலும்பு என்று நான் சொன்னது சரிதானே?

மண்வெட்டி:

எலும்பு என்பது சரி, வயதைத்தான் தூரிகை கேட்கிறார்.

என் கதை ஜல்லிக் குழியில். இயந்திரம் அள்ளித் தூக்கும்போது வாளியின் விளிம்பில் ஒரு கொம்பு தொங்கியது. பக்கத்தில் நின்றவர் மாட்டுக் கொம்பு என்றார். இல்லை. அடியில் சுற்றிவர ஒரு புடைத்த வளையம் தெளிவாகத் தெரிந்தது, அதற்கு மேலே ஒரு கிளை முறிந்த தழும்பு. மாட்டுக் கொம்பு கிளைக்காது, அதற்கு இப்படி வளையமும் இருக்காது. மான் கொம்பு, அதுவும் தானாக உதிர்ந்தது: வளையத்துக்குக் கீழே மண்டையோட்டின் துண்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை, சொரசொரப்பான அடிமுகம் மட்டும் இருந்தது. அதன் அடித்தடிமன் என் மணிக்கட்டைவிடப் பெரிது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அதற்குள் வாளி கவிழ்ந்து லாரி நிறைந்துவிட்டது. லாரி எந்தப் பக்கம் போனது என்றுகூடப் பிறகு யாரும் சொல்லவில்லை.

அட்டவணை:

பொதுமக்கள் கொண்டுவருவதை அடையாளம் சொல்லும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மிக அதிகம் வருவது மாட்டெலும்புதான், ரம்பத்தால் நேராக அறுத்த வெட்டோடு. அது பரவாயில்லை, எதைக் கொண்டுவந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

என்னை உறுத்துவது வேறு. ஒருவர் ஒரு பெரிய ஜோடி கொம்புக் கருக்களைத் துணியில் சுற்றி எடுத்துவந்து மேசையில் வைத்தார். மிக நல்ல நிலையில் இருந்தன. "மண்டையோடு இருந்ததா?" என்றேன். "இருந்தது, கனமாக இருந்தது, உடைத்துக் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்" என்றார். "எங்கே, எந்த அடுக்கில்?" "நண்பர் காட்டிய இடம், அவர் இப்போது பேச்சில் இல்லை." அந்தப் புது முறிவு வெள்ளை வெளேரென்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடமும் அடுக்கும் ஏன் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. 1887இல் அமெரிக்காவில் டென்வர் அருகே கிடைத்த ஒரு ஜோடிக் கொம்புகள் ஓ. சி. மார்ஷ் என்ற பெரிய தொல்லுயிரியலாளர் கைக்குப் போயின. அந்தப் பாறை அடுக்கு மிகப் பிந்தையது என்று எண்ணி, அவற்றை ஒரு ராட்சதக் காட்டெருமையின் கொம்புகள் என்று அறிவித்தார். இன்னும் முழுமையான மண்டையோடு கிடைத்தபின் அது கொம்புள்ள ஒரு டைனோசர் என்று தெரிந்து 1889இல் டிரைசெராடாப்ஸ் என்று பெயர் வைத்தார். இகுவானோடான் என்ற இன்னொரு டைனோசரின் கட்டைவிரல் முள்ளையும் நெடுநாள் மூக்கின் மேல் கொம்பாக வைத்துத்தான் வரைந்தார்கள். 1878இல் பெல்ஜியத்தில் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் வெளிவந்த பிறகே அது கைக்கு வந்தது. கொம்பை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

மண்வெட்டி, உங்களிடம் ஒரு கேள்வி. லாரி போகட்டும். வாளி அள்ளிய அந்த முகப்பு இன்னும் இருக்கிறதா?

மண்வெட்டி:

இருக்கிறது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் வெட்டவில்லை, மழை நீர் தேங்கியதால் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மேலே மஞ்சள் மணல், அதற்குக் கீழே உருண்டைக் கற்கள், கற்களுக்கிடையே ஒரு கறுப்புக் களிமண் பட்டை. வாளி அந்தக் களிமண்ணைத் தொட்டுத்தான் மேலே வந்தது. குழிப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், உள்ளே போவதற்கு அல்ல, விளிம்பில் நின்று அளவுக்கம்பு வைத்துப் படம் எடுப்பதற்கு. கிடைத்ததும் இங்கே போடுகிறேன்.