நீள்கோல் கத்தரியா, துரட்டிக் கத்தரியா: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாள்களாக வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டேன். தோட்டப் பணியாளர்களுக்கான நான்கு பக்கப் பாதுகாப்புக் கையேட்டை வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கருவியின் பெயருக்கு மட்டும் இன்னும் கோடிட்ட இடம்தான் இருக்கிறது. நீண்ட அலுமினியக் குழாயின் முனையில், பல்வரிசை கொண்ட இரண்டு அலகுகள் ஒன்றன்மேல் ஒன்று முன்னும் பின்னும் விரைந்து நகர்ந்து, தலைக்கு மேலே வளர்ந்துவிட்ட செடிவேலியை நறுக்கும் மின்கருவி அது.

மடல்களில் வந்த பெயர்களுள் விலக்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "மின்வேலிக் கத்தரி" என்ற சொல்லில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் நம் பக்கத்துக் கிராமங்களில் மின்வேலி என்றால் காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும் மின்கம்பி. அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தக் கம்பியை வெட்டும் கருவி என்று யாராவது பொருள் கொண்டால் நாம் பொறுப்பேற்க முடியாது. "மின்கம்பக் கத்தரி" இன்னும் மோசம். மேலே செல்லும் மின்கம்பிக்கு 10 மீட்டருக்குள் இந்தக் கருவியின் எந்தப் பகுதியும் போகக்கூடாது என்பதுதான் கையேட்டின் முதல் எச்சரிக்கை; பெயரே கருவியை மின்கம்பத்தடிக்கு அழைத்துப் போகலாமா? "மின்" என்ற அடையை வேலிக்கும் கம்பத்துக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருமங்கலத்துப் பேராசிரியர் ஐயா முன்மொழிந்த "மிளைகொய் பொறி" அழகானது. சங்க காலக் கோட்டைகளைச் சூழ்ந்த காவற்காட்டுக்கு மிளை என்றும் இளை என்றும் பெயர் இருந்ததையும், உயிருள்ள செடிகளால் ஆன அரண் என்ற பொருள் அதில் பொதிந்திருப்பதையும் ஐயா விளக்கிய விதத்தை நான் தனியே படியெடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும், மிளை என்றால் என்னவென்று முதலில் ஒரு பத்தி எழுதிவிட்டுத்தான் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்க முடியும் என்றால், அந்தப் பத்தியைப் படிக்கப் பணியாளருக்கு நேரமில்லை.

"கவாத்து" எல்லோருக்கும் புரியும். அதை நான் ஒதுக்குவது அது பிறமொழிச் சொல் என்பதற்காக அன்று. மதுரை மல்லிகைக்கு நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் செடியை வெட்டிவிடுகிறோமே, அதுதான் கவாத்து. பூவையும் காயையும் நினைத்துச் செய்யும் வேலை. மருதாணி வேலியின் மேல்மட்டத்தைச் சீராக்குவது வேறு. "கத்தரி" வடமொழியிலிருந்து வந்ததா, தமிழ்க் "கத்தி"க்கு உறவா என்ற விவாதம் எங்கே முடிந்தாலும் சரி, இரண்டு அலகுகளுக்கு இடையே அகப்பட்டதை நறுக்குவது என்ற செயலைச் சரியாகச் சொல்லும் சொல் அதுதான். "வாள்", "ரம்பம்" என்று எழுதினால், கழியின் முனையில் சங்கிலி ரம்பம் பூட்டிய இன்னொரு கருவியோடு இது குழம்பும். அந்தக் கருவி கிளைகளை அறுக்கும், இதுவோ விரல் பருமனுக்கு மேற்பட்டால் திணறும். முள்மரத்தை இளைதாகக் கொல்க, காழ்த்தபின் அது களைவாரின் கையைக் கொல்லும் என்ற 879ஆம் குறளை வேலிக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

சென்ற வாரம் அழகர்கோவில் சாலையில் ஒரு வளாகத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மூத்த பணியாளர் ஒருவர் கருவியை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "தொரட்டிக்கு மெசின் வச்ச மாதிரில்ல இருக்கு" என்றார். அந்த நொடியில் எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆடு மேய்ப்பவர் கையிலிருக்கும், நீண்ட கழியின் முனையில் கொக்கி அரிவாள் கட்டிய துரட்டியை அறியாதவர் நம் வட்டாரத்தில் இல்லை. ஆகவே "துரட்டிக் கத்தரி" என்பதை முன்வைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் நாளை மாலைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

---

தம்பிக்கு வணக்கம்.

துரட்டி எங்கள் வீட்டுச் சொல். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். துரட்டியைக் கிளையில் மாட்டி, நேர் கீழே நின்று, உடம்பின் கனத்தைக் கொடுத்து இழுப்போம். கிளை காலடியில் விழும், ஆடுகள் ஓடி வரும். இந்தக் கருவியிலோ வெட்டும் இடத்துக்கு நேர் கீழே நிற்கவே கூடாது. இழுக்கவும் கூடாது, அலகை வேலியின் முகத்தோடு ஒட்டினாற்போல் வைத்து, பக்கவாட்டில் கீழிருந்து மேலாக வீசிக்கொண்டு போக வேண்டும். சுள்ளி சிக்கிக்கொண்டால், துரட்டிக்காரர் கழியை ஆட்டி விடுவிப்பார். இங்கே விசையை விட்ட பிறகும் அலகு ஒரு கணம் ஓடும் என்பதால், அது நின்றபின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டோ மின்கலத்தைக் கழற்றிவிட்டோதான் கை வைக்க வேண்டும். மின்கம்பியில் மூங்கிலும் படக்கூடாதுதான், ஆனாலும் காய்ந்த மூங்கிலைப் பிடித்துப் பழகிய கைக்கு அலுமினியத்தின் ஆபத்து தெரியாது. பழைய பெயரைக் கொடுத்தால் பழைய பழக்கமும் கூடவே வரும்.

"நீள்கோல் கத்தரி" என்று வையுங்கள். நீண்ட கோல், நீள்கின்ற கோல், நீளும் கோல் என முக்காலமும் உள்ளடங்கிய வினைத்தொகை. இழுத்து நீட்டிப் பூட்டிக்கொள்ளும் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, உசிலம்பட்டி

---

அம்மாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

அம்மாவின் மடலைப் படித்த பிறகு துரட்டியை என்னால் தலைப்பில் வைக்க முடியவில்லை. கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஆறு பேர், சிலர் விவாதம் முடிந்தால் போதும் என்ற நிலையில், அம்மா சொன்ன பெயரில் செடிவேலியையும் சேர்த்த "நீள்கோல் செடிவேலிக் கத்தரி"க்கு இசைந்துள்ளனர். மின்கலம் இல்லாமல், செருகியும் மின்வடமும் உள்ள வகையைக் குறிக்கும் இடங்களில் "மின்சாரத்தில் இயங்கும்" என்று முழுதாகவே எழுதி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக மட்டுமே அதை இயக்க வேண்டும் என்று சேர்த்துள்ளேன். முதல் பக்கத்தில் "இது துரட்டி அன்று, கீழே நின்று இழுக்காதீர்கள்" என்ற வரி தடித்த எழுத்தில் வருகிறது.

பேராசிரியர் ஐயா இன்று காலையும் எழுதியிருக்கிறார். மிளையை விட்டுக்கொடுத்தாலும் புணர்ச்சியை விட முடியாது, "நீள்கோற்கத்தரி" என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்கிறார். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. பிரித்து எழுதினால்தான் பணியாளருக்குக் கோல் கண்ணில் படும் என்பதால் பிரித்தே அச்சுக்குக் கொடுக்கிறேன். ஐயா தம் மறுப்பைப் பதிவு செய்யச் சொன்னார், பதிவு செய்கிறேன்.