'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி – சுன்னாகத்தில் இருந்து:
மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஆங்கிலத்தில் 'ரன்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஓடு' என்று எழுதுகிறாள். 'வீ ரான் அவுட் ஒஃப் சுகர்' என்றதற்கு, "சீனியை விட்டு வெளியே ஓடினோம்" என்று கொப்பியில் இருக்கிறது! எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

பதில்:
அக்கா, பின்னால் வரும் சொல்லோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கோ. 'ரன் அவுட் ஒஃப்' என்றால் கையிருப்பு முடிந்துபோவது, 'ரன் இன்டு' தற்செயலாகச் சந்திப்பது, 'ரன் ஓவர்' வாகனம் ஏற்றுவது.

பதில்:
நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். முதலில் தமிழில் இருந்து தொடங்குங்கோ தங்கச்சி. பருத்தித்துறை பஸ் ஓடுது, கடை நல்லா ஓடுது; இரண்டுக்கும் 'ரன்' பொருந்தும். அப்புறம் பிரியும் இடங்கள்: மூக்கு ஒழுகினாலும், துவைக்கும்போது சாயம் கரைந்து பரவினாலும் 'ரன்' தான். தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர் 'ரன்' என்பார்கள், பிரித்தானியர் 'ஸ்டாண்ட்' என்பார்கள். ஒக்ஸ்போர்ட் அகராதியின் 1989 பதிப்பில் அதிக பொருள் உள்ள சொல்லாக 'செட்' தான் முன்னுக்கு நின்றது. பிறகு வினைச்சொல்லாக மட்டும் 645 பொருளோடு 'ரன்' முந்திவிட்டது. பிள்ளை அத்தனையும் பாடமாக்க வேண்டாம், வசனத்தோடு பழகட்டும்.

கேட்டவர்:
நன்றி சேர். 'இன் த லோங் ரன்'?

பதில்:
'காலப்போக்கில்', அவ்வளவுதான்.