மெக்லாரன் வேல் வெயிலுக்கு எந்த இத்தாலி திராட்சை?

கேள்வி: தென் ஆஸ்திரேலியா மெக்லாரன் வேல்ல கொஞ்சம் நிலம் இருக்கு, எல்லாரும் ஷிராஸ்ங்குற ஒயின் திராட்சை தான் வச்சிருக்காங்க, நான் இத்தாலி வகை போடலாம்னு பாக்குறேன். நெபியோலோ வருமா?

பதில்: அங்க கஷ்டம்ங்க. அது சீக்கிரமே துளிர்த்துடும் ஆனா பழுக்குறது கடைசில தான், பொறுமையா குளிர்ந்து வர்ற சீசன் வேணும். நேரோ தாவோலா, ஃபியானோ போடுங்க, ரெண்டும் தெற்கு இத்தாலி சூட்டுல வளர்ந்தது, வெயில்லயும் புளிப்பு நிக்கும்.

பதில்: சாஞ்சியோவேசேங்குற இத்தாலி வகையும் பாருங்க, உங்க ஏரியால கோரியோல் ஒயின் கம்பெனிக்காரங்க 1985லயே நட்டுட்டாங்க. காய் எக்கச்சக்கமா பிடிக்கும், கொத்துங்கள வெட்டி குறைக்கலன்னா ஒயின் சப்புன்னு போயிடும், மனசு வராது ஆனாலும் வெட்டித்தான் ஆகணும். நெபியோலோ தான்னா விக்டோரியா கிங் வேலி பக்கம் நிலம் தேடுங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க! ஃபியானோ நாத்து இந்த குளிர்காலத்துக்கே சொல்லி வைக்கணுமா?